டிஸ்காக்ஸ், ஒரு டார்ச், ஒரு பூதக்கண்ணாடி

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அவசரத்தில் இருப்பவர்கள் இதோடு கிளம்பிவிடலாம். கையில் இருக்கிற பழைய வினைல் ரெக்கார்டு எந்த வருஷத்து அச்சு, எந்தத் தொழிற்சாலையில் போட்டது, ஒரிஜினலா பிற்பாடு வந்த மறுவெளியீடா என்று கண்டுபிடிக்க டிஸ்காக்ஸ் என்ற ரெக்கார்டுப் பட்டியல் தளத்தை விட்டால் இன்றைக்கு வேறு பெரிய துணை கிடையாது. ஐந்துக்கு நாலு நட்சத்திரம் தாராளமாகக் கொடுப்பேன். மிச்சமிருக்கும் ஒரு நட்சத்திரம், நகை வேலை செய்கிறவர்கள் கண்ணில் இடுக்கிக்கொள்ளும் பத்து மடங்கு பெருக்கும் அந்தக் குட்டி பூதக்கண்ணாடிக்கு. அது இல்லாமல் இந்தத் தளத்தைத் திறந்தால் பாதி நேரம் தப்பான பக்கத்தில்தான் போய் நிற்பீர்கள், அதுவும் முழு நம்பிக்கையோடு.

இப்போது எழுத உட்கார்ந்ததற்கு ஒரு பார்சல் காரணம். ஆன்லைனில் ஒருவரிடம் ஜாஸ் எல்பி (ஒரு முழு ஆல்பம் அடங்கிய பெரிய தட்டு) ஒன்று வாங்கினேன். யார், எங்கே என்பதெல்லாம் வேண்டாம். "1959 ஒரிஜினல், முதல் அச்சு" என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார். வந்த அட்டையின் முன்பக்கம் அசல் போலவே இருந்தது, ஓரமெல்லாம் அளவாகத் தேய்ந்து. பின்னட்டையின் மேல் மூலையில் "யூஸ்டு" என்று நீளவாக்கில் ஒரு மஞ்சள் ஸ்டிக்கர். பழைய ரெக்கார்டில் பழைய ஸ்டிக்கர் இருப்பது சகஜம்தானே என்று விட்டுவிட்டேன். தட்டைத் தராசில் வைத்தால் 182 கிராம். கனமான தட்டு என்றால் பழசு என்று ஒரு நம்பிக்கை உண்டே, அதில் நானும் சறுக்கினேன். 50-களின் எல்பிகள் கனமானவை என்பது உண்மைதான். 70-களில் தட்டு மெலிந்தது, ஆர்சிஏ கம்பெனி டைனாஃபிளெக்ஸ் என்று பெயர் வைத்து அப்பளம் மாதிரி வளைகிற தட்டுகளைக்கூட விற்றது. பிறகு மறுவெளியீட்டு யுகம் வந்து 180 கிராம் என்பதை ஒரு பெருமையாகவே ஸ்டிக்கரில் போட ஆரம்பித்தார்கள். ஆக, கனம் என்றால் ரொம்பப் பழசாக இருக்கலாம், ரொம்பப் புதுசாகவும் இருக்கலாம்.

ரெண்டு நாள் கழித்து அந்த மஞ்சள் ஸ்டிக்கரின் ஓரம் லேசாகத் தூக்கிக்கொண்டிருந்தது. ஹேர் டிரையரால் சூடு காட்டி மெல்ல உரித்தேன். கீழே பார்கோடு. அமெரிக்க சூப்பர் மார்க்கெட் ஒன்றில் முதன்முதலாகப் பார்கோடை ஸ்கேன் செய்ததே 1974 ஜூனில்தான், ரெக்கார்டு அட்டைகளுக்கு அது வந்து சேர 70-களின் கடைசி ஆகிவிட்டது. 1959-ல் அச்சான அட்டையில் அது எப்படி வரும்? விற்றவருக்கு எழுதினேன். "பின்னாடி 1959 என்று போட்டிருக்கிறதே, பார்க்கவில்லையா?" என்று பதில் வந்தது. கொஞ்சம் மல்லுக்கட்டிய பிறகு பாதிப் பணம் திரும்பியது. அந்தக் கோபத்தில் தட்டை மேற்கொண்டு ஆராயாமல் அலமாரியில் கடைசி வரிசையில் செருகிவிட்டேன். அந்தக் கதைக்குக் கடைசியில் வருகிறேன்.

சரி, தளத்துக்கு வருவோம். 2000-ல் கெவின் லெவண்டோவ்ஸ்கி என்பவர் ஆரம்பித்தது. முதலில் எலக்ட்ரானிக் இசைக்கு மட்டும் ஒரு பட்டியலாக இருந்தது, பிறகு எல்லா இசையும் உள்ளே வந்தது, அதன் பிறகு வாங்கல் விற்றல். உள்ளே இருக்கும் தகவல் முழுக்க உபயோகிப்பாளர்கள் எழுதியது. யாரோ ஒருவர் தன் கையில் இருக்கும் தட்டைப் பார்த்து எண்களைத் தட்டச்சு செய்து, தட்டின் நடுவில் இருக்கும் வட்டக் காகிதமான லேபிளைப் படம் பிடித்துப் போட்டிருக்கிறார். இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டால் தளத்தின் பலமும் பலவீனமும் ரெண்டுமே புரிந்துவிடும்.

ஒரு ஆல்பத்தைத் தேடினால் முதலில் மாஸ்டர் பக்கம் வரும். அதற்குக் கீழே அந்த ஆல்பத்தின் பதிப்புகள் வரிசையாக இருக்கும். கொஞ்சம் பேர் பெற்ற ஆல்பம் என்றால் நூற்றுக்கணக்கில். முதல் தடவை பார்ப்பவருக்குத் தலை கிறுகிறுக்கும். பெரும்பாலானவர்கள் இங்கே செய்வது, தங்கள் அட்டை மாதிரியே படம் இருக்கிற முதல் பதிவைக் கிளிக் செய்து "இதுதான் என்னுது" என்று சேகரிப்பில் சேர்த்துவிடுவது. (சேர்த்ததும் தளம் உங்கள் சேகரிப்பின் சந்தை மதிப்பைக் கூட்டிக் காட்டும். மனுஷன் கை தானாகவே விலை அதிகமான பதிப்பின் மேல் போகும். என் கையும் போயிருக்கிறது, மறைக்க ஒன்றுமில்லை.)

அட்டை இருக்கிற சாட்சிகளிலேயே மோசமான சாட்சி. அட்டையைத் தட்டிலிருந்து பிரித்து வேறு தட்டோடு சேர்க்கலாம், யாரும் கேட்க மாட்டார்கள். அட்டையில் போட்ட வருஷம் ஒலிப்பதிவின் உரிமை வருஷமாக இருக்கும், அந்தத் தட்டு அச்சான வருஷமாக இருக்கவேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. நான் போகும் வரிசை இது: முதலில் நாடு, அதை வைத்து வடிகட்டினாலே முக்கால்வாசி பதிவுகள் போய்விடும். அப்புறம் கேட்டலாக் எண், அதாவது கம்பெனி அந்த வெளியீட்டுக்குக் கொடுத்த எண். அப்புறம் லேபிளின் நிறமும் ஓரத்து எழுத்துகளும். இவ்வளவும் ஒத்துப்போன பிறகு மிஞ்சுவது நாலைந்து பதிவு இருக்கும், அவற்றுக்குள் தீர்ப்பு சொல்வது டெட் வாக்ஸ்.

டெட் வாக்ஸ் என்றால் கடைசிப் பாட்டு முடிந்து ஊசி லேபிளை நோக்கி ஓடுகிறதே, அந்த வழவழப்பான வளையம். தளத்தில் இதை ரன்-அவுட் என்று போட்டிருப்பார்கள். அங்கே சின்னதாகக் கீறிய அல்லது குத்திய எண்கள் இருக்கும், அதுதான் மேட்ரிக்ஸ். அது ஏன் அங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டால் படிப்பது சுலபம். டேப்பிலிருந்து ஒலியை மெத்தென்ற லேக்கர் பூசிய ஒரு அலுமினியத் தட்டில் ஊசியால் வெட்டுவார்கள், வெட்டிய இன்ஜினியர் அதன் உள்வளையத்தில் எண்ணைக் கீறிவைப்பார். அந்த லேக்கர் மேல் உலோகம் படியவைத்து உரித்தால் ஃபாதர், அதிலிருந்து மதர், மதரிலிருந்து ஸ்டாம்பர். ஸ்டாம்பரைத்தான் பிரஸ்ஸில் மாட்டித் தட்டுகளை அடிப்பார்கள். ஆயிரம் தட்டு வாக்கில் அது தேய்ந்துவிடும், மதரிலிருந்து இன்னொன்று எடுப்பார்கள். மதர் போனால் பழைய ஃபாதரிடம் போவார்கள், அதுவும் போனால் புதிதாக லேக்கர் வெட்டவேண்டியதுதான். இப்படி ஒவ்வொரு கட்டத்திலும் யாராவது ஒரு குறி போட்டிருந்தால் அது கடைசித் தட்டு வரைக்கும் இறங்கி வரும். தட்டின் ஜாதகம் மாதிரி.

இதில் பிரிட்டனின் இஎம்ஐ தொழிற்சாலை மாதிரி ஒழுங்காக எழுதிவைத்தவர்கள் குறைவு. பீட்டில்ஸ் காலத்தில் இஎம்ஐ பார்லோஃபோன் என்ற பெயரில் வெளியிட்ட தட்டு ஒன்று உங்களிடம் இருந்தால் எடுத்துப் பாருங்கள். மேட்ரிக்ஸ் எண் உங்கள் பக்கம், அதாவது கடிகாரத்தில் 6 மணி இடத்தில் வருகிற மாதிரி தட்டைத் திருப்பிக்கொள்ளுங்கள். 9 மணி இடத்தில் தனியாக ஒரு எண் இருக்கும், அது எத்தனையாவது மதர் என்பது. 3 மணி இடத்தில் ஒன்றிரண்டு ஆங்கில எழுத்து இருக்கும், அது ஸ்டாம்பர். எழுத்தை எண்ணாக மாற்ற கிராமஃபோன் லிமிடெட் என்ற பெயரிலிருந்து பத்து எழுத்து எடுத்திருக்கிறார்கள்: ஜி 1, ஆர் 2, ஏ 3, எம் 4, ஓ 5, பி 6, எச் 7, எல் 8, டீ (T) 9, டி (D) 0. 3 மணியில் "ஆர் ஓ" என்று இருந்தால் 25-ஆவது ஸ்டாம்பர். டெக்கா கம்பெனி இதே வேலைக்குப் பக்கிங்ஹாம் என்ற பத்தெழுத்துச் சொல்லை வைத்துக்கொண்டது. முதல் தடவை இந்த எழுத்தைக் கண்டுபிடித்து எண்ணாக மாற்றியபோது ராத்திரி பன்னிரண்டு மணி, வீட்டில் எல்லாரும் தூங்கிவிட்டார்கள், எழுப்பிச் சொல்லலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன்.

வெறும் சேகரிப்புப் பைத்தியம் என்று இதை ஒதுக்கிவிட முடியாது, ஏனென்றால் சில தட்டுகளில் காதுக்கே வித்தியாசம் தெரியும். பீட்டில்ஸின் 1966 ரிவால்வர் ஆல்பம், பிரிட்டிஷ் மோனோ, ரெண்டாவது பக்கத்து மேட்ரிக்ஸ் -1 என்று முடிந்தால் அதன் கடைசிப் பாட்டு வேறு மிக்ஸ். அதை உடனே நிறுத்திவிட்டு மாற்று மிக்ஸோடு புதிதாக வெட்டினார்கள். அட்டையைப் பார்த்தோ லேபிளைப் பார்த்தோ இதைச் சொல்ல முடியாது. லெட் செப்லினின் ரெண்டாவது ஆல்பம், 1969, அமெரிக்க அச்சு: ராபர்ட் லுட்விக் என்ற இன்ஜினியர் அதை முதலில் வெட்டியபோது ஒலியை அவ்வளவு உரக்க வைத்துவிட்டார், மலிவான பிளேயர்களில் ஊசி துள்ளியது. கம்பெனி பயந்துபோய் அடக்கி வாசிக்கிற மாதிரி மறுபடி வெட்டவைத்தது. முதல் வெட்டின் டெட் வாக்ஸில் ஆர்எல் என்ற அவருடைய எழுத்துகள் இருக்கும். அதே வருஷம், அதே அட்டை, லேபிளும் அதேதான், ஆனால் ரெண்டெழுத்து இருக்கிற தட்டுக்கும் இல்லாத தட்டுக்கும் நடுவில் ஒரு டிரம்ஸ் செட்டே வித்தியாசம்.

சில சமயம் லேபிளே போதும் என்பதையும் சொல்லவேண்டும். பிங்க் ஃபிளாய்டின் 1973 டார்க் சைட் ஆஃப் த மூன், பிரிட்டிஷ் முதல் அச்சில் லேபிளில் இருக்கும் முக்கோணம் உள்ளே நீலம் நிரப்பியிருக்கும். பிறகு வந்தவற்றில் வெறும் கோட்டு முக்கோணம். ஆறடி தூரத்திலிருந்தே சொல்லிவிடலாம். அமெரிக்கக் கொலம்பியா தட்டுகளில் லேபிளில் கண் மாதிரி ஒரு முத்திரை வரும்: ஆறு கண் இருந்தால் 1955-லிருந்து 1962 வரை, ரெண்டு கண் என்றால் 1962-லிருந்து 1970 வரை, கண்ணே இல்லாமல் கம்பெனி பெயர் ஓரமாகச் சுற்றி ஓடினால் அதற்கும் பிறகு. அட்லாண்டிக் கம்பெனி லேபிளின் ஓரத்தில் பிராட்வே முகவரி இருந்தால் முந்தியது, ராக்கஃபெல்லர் பிளாசா என்றிருந்தால் பிந்தியது. வட்டத்துக்குள் பி எழுத்து போட்ட ஒலிப்பதிவு உரிமைக்குறி (℗) அமெரிக்கத் தட்டுகளில் 70-களின் தொடக்கத்தில்தான் புழக்கத்துக்கு வந்தது, ஆகவே அது இருக்கிற அமெரிக்க லேபிளை 60-களின் ஒரிஜினல் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள். அமெரிக்க முகவரியில் ஐந்து இலக்க ஜிப் கோடு இருந்தால் 1963-க்கு முன்னால் போக முடியாது. அட்டையில் இணையதள முகவரி இருந்தால், அதைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

லேபிளை மட்டும் நம்பினால் எங்கே மாட்டுவீர்கள் என்பதற்கு புளூ நோட் என்ற ஜாஸ் கம்பெனி நல்ல உதாரணம். அந்தக் கம்பெனியின் பழைய தட்டுகளை அடித்தது பிளாஸ்டிலைட் என்ற தொழிற்சாலை. அவர்கள் டெட் வாக்ஸில் பி என்ற எழுத்தைக் கையால் கீறுவார்கள், அது பார்க்க ஒரு காது மாதிரியே இருக்கும், சேகரிப்பவர்கள் எல்லாரும் அதைக் காது என்றுதான் சொல்வார்கள். 1966 வாக்கில் கம்பெனி லிபர்ட்டி என்ற இன்னொரு கம்பெனி கைக்குப் போனது, பிளாஸ்டிலைட்டும் போய்விட்டது. ஆனால் அச்சடித்துக் கிடந்த பழைய லேபிள்களைத் தூக்கிப்போட மனசு வருமா? தீரும் வரை புதுத் தட்டுகளில் ஒட்டினார்கள். விளைவு, லேபிள் பழைய நியூயார்க் லேபிள், உள்ளே காது கிடையாது. லேபிள் படத்தை மட்டும் வைத்து டிஸ்காக்ஸில் தேடினால் நேராக ஒரிஜினல் பக்கத்துக்குப் போய் நிற்பீர்கள். பக்கத்தில் எண்கள் பகுதியைத் திறந்து காது உண்டா என்று பார்த்தவர்தான் பிழைத்தார். இத்தனைக்கும் காதில்லாத அந்தத் தட்டுகளிலும் பெரும்பாலும் ரூடி வான் கெல்டர் என்ற இன்ஜினியர் வெட்டிய அதே உலோகம்தான், அவருடைய முத்திரையும் அப்படியே இருக்கும். காது இல்லாததால் விலை விழுந்த, ஒலியில் எந்தக் குறையும் இல்லாத தட்டு. நான் தேடித் தேடி வாங்குவது இவற்றைத்தான், இதை எழுதுவது எனக்கு நல்லதா என்று தெரியவில்லை.

இன்னொரு மாயை 1ஏ. கொலம்பியா தட்டில் மேட்ரிக்ஸ் 1ஏ என்று முடிந்தால் அதுதான் முதலிலும் முதல் என்று விற்பவர்கள் அடித்துச் சொல்வார்கள். ஒரே சமயத்தில் 1ஏ, 1பி, 1சி என்று பல லேக்கர்கள் வெட்டி, பிட்மேன், டெர ஹோட், சான்ட்டா மரியா என்று வேறு வேறு ஊர்த் தொழிற்சாலைகளுக்கு அனுப்பியிருப்பார்கள். 1டி தட்டு 1ஏ தட்டோடு ஒரே வாரத்தில் கடைக்கு வந்திருக்கலாம். அதே மாதிரி, 1ஏ உலோகம் தேயாமல் இருந்தால் பத்து வருஷம் கழித்துப் புது லேபிளோடு அதே 1ஏ மறுபடி வரும். மேட்ரிக்ஸ் சொல்வது எந்த லேக்கர் என்பதை, லேபிள் சொல்வது எப்போது அடித்தது என்பதை. ரெண்டும் சேர்ந்தால்தான் வழக்கு முடியும்.

தொழிற்சாலைக் குறிகள் தனி உலகம், அதில் இறங்கினால் வெளியே வரமாட்டோம். கேப்பிட்டல் கம்பெனி தட்டில் நட்சத்திரக் குறி இருந்தால் லாஸ் ஏஞ்சல்ஸ், படுத்த ஒயின் கிளாஸ் மாதிரி ஒரு கிறுக்கல் இருந்தால் வின்செஸ்டர். அட்லாண்டிக் லேபிளில் எண்ணுக்குப் பக்கத்தில் எம்ஓ என்றால் மோனார்க், பிஆர் என்றால் பிரெஸ்வெல். பிரிட்டனில் ஜார்ஜ் பெக்கம் என்ற இன்ஜினியர் தான் வெட்டிய தட்டுகளில் "எ போர்க்கி பிரைம் கட்" என்று கையெழுத்து மாதிரி கீறிவைப்பார். டார்ச் வெளிச்சத்தில் அது திடீரென்று பளிச்சிடும்போது, அரைநூற்றாண்டுக்கு முன்னால் ஒரு மனிதர் குனிந்து உட்கார்ந்து கீறியது என்று நினைத்தால் லேசாகச் சிலிர்க்கத்தான் செய்கிறது.

தளத்தின் குறைகளுக்கு வருவோம். குறை என்பதைவிட இயல்பு என்று சொல்லலாம். ஆட்கள் எழுதுவது என்பதால் ஒரு பதிவில் ஏழு மேட்ரிக்ஸ் வகைகளும் பத்துப் படங்களும் இருக்கும், இன்னொன்றில் கேட்டலாக் எண்ணும் ஒரு மங்கலான அட்டைப் படமும் மட்டும். வருஷம் உறுதியாகத் தெரியாத மறுவெளியீடுகளில் அந்தக் கட்டம் காலியாக இருக்கும், அதைப் பார்த்து நிறையப் பேர் கடுப்பாவார்கள், எனக்கு அது நேர்மையாகவே படுகிறது. ரீபிரஸ், ரீஇஷ்யூ என்று ரெண்டு அடையாளங்கள் உண்டு, முதலாவது பொதுவாக அதே பொருளை மறுபடி அடித்தது, ரெண்டாவது புதிதாக வெளியிட்டது, ஆனால் எல்லாரும் ஒரே கண்டிப்போடு அவற்றைப் போடுவதில்லை. மொபைல் ஆப்பில் பார்கோடு ஸ்கேன் இருக்கிறது. 80-களுக்குப் பிந்திய தட்டுகளுக்கு நேரம் மிச்சம், அதற்கு முந்தியவற்றுக்குப் பிரயோஜனம் இல்லை. பார்கோடு உள்ளவற்றிலும் ஒரே பார்கோடோடு மறுபடி மறுபடி அச்சடித்திருந்தால் எல்லாமே வரிசையில் வந்து நிற்கும், கடைசியில் பூதக்கண்ணாடிதான்.

சந்தைப் பகுதியில் ஒரே ஒரு ஆலோசனை. விற்பவர் தன் தட்டை ஏதோ ஒரு பதிப்பின் கீழ்ப் பட்டியலிடவேண்டும், அவரும் நம்மைப் போல அவசரத்தில் முதல் பதிவைக் கிளிக் செய்தவராக இருக்கலாம். விலை கொஞ்சம் கூடுதலாக இருந்தால், பணம் கட்டுவதற்கு முன்னால் டெட் வாக்ஸைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். நல்ல விற்பனையாளர் பத்து நிமிஷத்தில் அனுப்பிவிடுவார். "டெட் வாக்ஸா, அது எங்கே இருக்கிறது?" என்று கேட்பவரிடம் முதல் அச்சு வாங்கவேண்டாம்.

பூதக்கண்ணாடிக்கும் ஒரு சொல். பத்து மடங்கு போதும். இருபது, முப்பது என்று விற்கிறார்கள், அவற்றில் ஒரே ஒரு எழுத்தின் பாதிதான் தெரியும், எங்கே பார்க்கிறோம் என்பதே மறந்துபோகும். அதைவிட முக்கியம் வெளிச்சம். அறை விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைத் தட்டின் மட்டத்துக்கு இறக்கி, பக்கவாட்டில் சாய்த்துப் பிடிக்கவேண்டும். நேராக மேலேயிருந்து அடித்தால் கறுப்புக் கண்ணாடியில் உங்கள் முகம்தான் தெரியும். சாய்த்த வெளிச்சத்தில் கீறல்கள் வெள்ளி இழை மாதிரி எழுந்து நிற்கும். மெஷினில் குத்திய எழுத்து ஒரே ஆழம், ஒரே அளவு. கையால் கீறியது கோணலாக இருக்கும், 1-க்கும் ஐ எழுத்துக்கும், 5-க்கும் எஸ்ஸுக்கும் குழப்பம் வரும், 6-ஐத் தலைகீழாகப் பிடித்து 9 என்று படித்துவிட்டு ஒரு மணி நேரம் தேடியிருக்கிறேன். குத்தியதா கீறியதா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள், குத்தியிருக்கவேண்டிய இடத்தில் கீறியிருந்தால் கள்ளத் தட்டாக இருக்க வாய்ப்பு உண்டு. படித்ததை அப்படியே தளத்தின் தேடல் பெட்டியில் போட்டால், அதே எழுத்துகளை யாராவது பதிந்திருந்தால் நேராக அந்தப் பக்கம் திறக்கும். அந்த ஒரு கணத்துக்காகவே நாலு நட்சத்திரம் கொடுத்தேன்.

இவ்வளவு பாடுபட்டு ஒரிஜினல்தான் வாங்கவேண்டுமா என்று ஒரு நண்பர் கேட்டார். வேண்டியதில்லை. ஆனால் மறுவெளியீட்டிலும் எது என்று தெரிந்து வாங்கவேண்டும். பீட்டில்ஸ் ஆல்பங்களின் ஸ்டீரியோ மறுவெளியீடு 2012-ல் வந்தது, அது டிஜிட்டல் கோப்புகளிலிருந்து வெட்டியது. 2014-ல் மோனோ வந்தது, அது அனலாக் டேப்பிலிருந்து நேராக வெட்டியது. ரெண்டு வருஷ இடைவெளியில் ஒரே குழுவின் மறுவெளியீடுகளுக்குள் இவ்வளவு தூரம். ஐரோப்பாவில் 1962 வரைக்கும் வெளியான ஒலிப்பதிவுகளின் உரிமைக் காலம் முடிந்துவிட்டதால், அந்தக் காலத்து ஜாஸையும் புளூஸையும் யார் வேண்டுமானாலும் அடித்து விற்கலாம். பெயர் தெரியாத கம்பெனிகளிலிருந்து பளபளவென்று வரும் 180 கிராம் தட்டுகளில் பலவற்றுக்கு மூலம் எது என்று அட்டையில் ஒரு வரிகூட இருக்காது. ஸ்டிக்கரில் "ரீமாஸ்டர்டு" என்று போட்டால் போதும் என்று நினைக்கிறார்கள், எதிலிருந்து, யார், எங்கே என்ற மூன்றுக்கும் பதில் இல்லாத ஸ்டிக்கர் வெறும் அலங்காரம். பேர் பெற்ற மறுவெளியீட்டுக் கம்பெனியான மொபைல் ஃபிடிலிட்டியின் விஷயமே 2022-ல் வெளியே வந்ததே, முழுக்க அனலாக் என்று வாங்கியவர்கள் நம்பிக்கொண்டிருந்த பல தட்டுகளில் நடுவில் டிஜிட்டல் கட்டம் ஒன்று இருந்தது என்று. வழக்கு வரைக்கும் போனது. வேடிக்கை என்னவென்றால் அதுவரை அந்தத் தட்டுகளை ஆஹா ஓஹோ என்றவர்களில் யாருடைய காதும் அதைக் கண்டுபிடிக்கவில்லை.

அந்த மஞ்சள் ஸ்டிக்கர் தட்டுக்கு வருகிறேன். இந்த விமர்சனத்தில் ஒரு உதாரணத்துக்காக நேற்று ராத்திரி அதைக் கடைசி வரிசையிலிருந்து உருவினேன். பார்கோடு தெரிந்த அன்றைக்கே செய்திருக்கவேண்டிய வேலையை இப்போதுதான் செய்தேன், டார்ச்சைச் சாய்த்து உள்வளையத்தைப் பார்த்தேன். கேட்டலாக் எண், ஒரு கோடு, ஏ. அதைத் தாண்டிக் கால் வட்டம் திருப்பினால், கையால் கீறிய மூன்றெழுத்து: கே.பி.ஜி. கெவின் கிரே. இன்றைக்கு இருக்கிற வெட்டுக்காரர்களில் ஜாஸ் மறுவெளியீட்டுக்கு முதலில் சொல்கிற ரெண்டு மூன்று பெயர்களில் ஒன்று. எண்களைத் தளத்தில் போட்டேன், பக்கம் திறந்தது, 2010-களின் மறுவெளியீடு, நாடு, பார்கோடு, எல்லாம் ஒத்துப்போனது. போட்டுக் கேட்டேன். சிம்பல் ஓசை வீட்டுக்குள் யாரோ தட்டுகிற மாதிரி அவ்வளவு பக்கத்தில், பின்னணியில் ஒரு பொரிச்சல் சத்தம்கூட இல்லை. உள்ளதை உள்ளபடி எழுதியிருந்தால் பேரம் பேசாமல் வாங்கியிருப்பேன். அந்த மனிதர் என்னவோ ஸ்டிக்கர் தேடி எடுத்து, அளவு பார்த்து, பார்கோடு மேல் கோணாமல் ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறார்.